நான் அழுதேன், கிரேன் திரும்பியது

என்னைப் பேட்டி காண வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஐயா, நடிப்ப எங்க கத்துக்கிட்டீங்க?" நானும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு, "சின்ன வயசுலயே நாடகக் கம்பெனி..." என்று ஆரம்பித்துவிடுவேன். அத்தனையும் பொய். எங்கள் ஊர் நாடகத்துக்கு நான் செய்த ஒரே சேவை பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்தது. (அதையும் என்னைப் போல் அடிக்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.)

வயது எழுபதை நெருங்குகிறது. இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாகக் கேமரா முன்னால் நின்றது ஷார்ஜாவில், ஒரு கட்டட சைட்டில். அன்று பேசியது நாலே வரி வசனம். அந்த நாலு வரிக்குள் என் முதலாளியின் வெள்ளைக் கார் போனது, பதினோரு வருஷத்து வேலை போனது, எனக்கு வரவிருந்த வெள்ளை ஹெல்மெட்டும் போனது. ஒரு வசனத்தில் இவ்வளவு சாதித்த நடிகன் வேறு யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இன்று இரண்டு சீரியலில் மாமனார், ஒன்றில் பண்ணையார். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, மருமகளைக் கொடுமைப்படுத்தியதற்காக என்னைக் குடையால் அடித்திருக்கிறார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தக் குடை? இதையெல்லாம் நானாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

அங்கே என் வேலைக்கு ரிகர் என்று பெயர். கிரேன் தூக்கும் சரக்கைக் கொக்கியில் மாட்டி, கீழே நின்றபடி கையாலேயே ஆபரேட்டருக்கு வழி காட்டுகிறவன். முதலில் சவுதியில் ஜுபைலில் நாலு வருஷம், பிறகு ஷார்ஜாவில் ஏழு வருஷம். விரலை வானத்தைப் பார்க்க நீட்டி வட்டம் போட்டால் தூக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. வா என்று அழைத்தால் கிட்டே கொண்டு வா. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. இவ்வளவுதான் பாஷை. ஆனால் அதில் நான் புலவன்.

உச்சியில் கேபினில் உட்கார்ந்திருந்தவர் நூர்கான். பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர், எனக்கு நாலைந்து வயது மூத்தவர். ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது மொத்தம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. ஆனால் என் கை அவருக்கு மனப்பாடம். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரிகர் போடும் ஆரஞ்சு நிற மேல்சட்டை, ஒரு கிரேனுக்கு ஒன்றுதான், அது யார் உடம்பில் இருக்கிறதோ, அவன் கைக்குத்தான் கட்டுப்படுவார். மற்றபடி என்ஜினியரே வந்து குட்டிக்கரணம் போட்டாலும் கிரேன் அசையாது. பத்து பேர் பத்து விதமாகக் கையாட்டினால் கீழே நிற்கிறவன் செத்துப்போவான், அதனால்தான் இந்தச் சட்டம். நல்ல சட்டம். இந்தக் கதையில் சட்டத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எங்கள் சைட் என்ஜினியர் குரியன் சார், கோட்டயத்துக்காரர். அந்த வாரம்தான் என்னைக் கூப்பிட்டு, "வைத்தி, அடுத்த மாசம் தொட்டு நீ சூப்பர்வைசர், கேட்டோ" என்றார். சூப்பர்வைசர் என்றால் மஞ்சள் ஹெல்மெட் போய் வெள்ளை ஹெல்மெட். கேம்ப்பில் தனி ரூம். அன்றைக்கே மெஸ்ஸில் கொஞ்சம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், பழக்கம் வரட்டும் என்று.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு சீரியல் கூட்டம் வந்து இறங்கியது. வெளிநாட்டில் நாலு காட்சி எடுத்தால் கதைக்குக் கௌரவம் என்று நினைத்த காலம் அது. எங்கள் முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். நல்ல மனுஷன். தன் கட்டடம் டிவியில் வரும் என்றதும் வெள்ளிக்கிழமை லீவு நாளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கதையில் வரும் கெட்ட பணக்காரனுக்கு ஒரு கார் வேண்டும் என்றதும் தன்னுடைய புது வெள்ளைக் காரையும் கொடுத்துவிட்டார்.

லீவு நாள் என்றாலும் எங்கள் மூன்று பேருக்கு ஓவர்டைம் இருந்தது. நூர்கானுக்கு, எனக்கு, என்னோடு இன்னொரு ரிகரான பரமக்குடி துரைராஜுக்கு. வேலை சின்னது. தொழிலாளிகளுக்கான பிளாஸ்டிக் கக்கூஸ் கூண்டு ஒன்றை, நீல நிறம், கட்டடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். காலையிலேயே அதைக் கொக்கியில் மாட்டிவிட்டோம். அதற்குள் "யாரும் அசையாதீங்க, ஷாட் வைக்கிறோம்" என்று சத்தம் வர, வேலையை அப்படியே நிறுத்தி, நூர்கானை மேலே கேபினிலேயே விட்டுவிட்டு, நானும் துரைராஜும் வேடிக்கை பார்க்கப் போனோம்.

காட்சி இதுதான். ஏழைத் தொழிலாளி ஒருவன், தன் குடும்பத்தைக் கெடுத்த பணக்காரனை கல்ஃபில் கண்டுபிடித்து, கடவுளிடம் முறையிட்டு அழ வேண்டும். தொழிலாளியாக நடிக்க வந்தவர் சென்னைக்காரர், ஷார்ஜா வெயிலைப் பார்த்ததில்லை. இரண்டு ஒத்திகையில் மயங்கி விழுந்துவிட்டார். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். கேம்ப்பிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு சேர்த்து நாற்பது பேர் நின்றோம். முப்பத்தொன்பது பேர் அடக்கமாக நின்றார்கள்.

"ஐயா, நீங்க ஏன் இவ்ளோ முன்னாடி வந்து நிக்கிறீங்க?" என்றார்.

"தெரியட்டும்னுதான் சார்."

"நடிச்ச அனுபவம் இருக்கா?"

"பதினோரு வருஷமா நடிக்கிறேன் சார். வாராவாரம் போன்ல எம் பொண்டாட்டிகிட்ட, நான் இங்க நல்லாருக்கேன், சவுரியமா இருக்கேன், ஏசி ரூமுன்னு."

அவர் மேக்கப்காரர் பக்கம் திரும்பினார். பிறகு, "இவருக்கு மேக்கப் போடுங்கப்பா" என்றார்.

மேக்கப் போடுவதற்கு முன்னால் மலர்க்கொடிக்கு, என் மனைவிக்கு, போன் போட்டேன்.

"ஏய், நான் டிவில நடிக்கிறேன்!"

"என்னங்க, வெயில்ல நின்னீங்களா? தலைக்குத் தண்ணி ஊத்துங்க."

"நெசமாத்தாண்டி. மேக்கப்பு போடப் போறாங்க."

"மேக்கப்பு போட்டு மறைக்கிற மூஞ்சியா அது? சரி சரி, கீழத்தெருவுல எங்க அக்கா வூட்டுக்குச் சொல்லவா?"

"ஊருக்கே சொல்லு."

(சொன்னாள். அரை மணி நேரத்தில் ஜெயங்கொண்டம் வரை போய்விட்டது.)

இப்போதுதான் என் கர்வம் உள்ளே வருகிறது. காட்சிக்கு ஒரு கிழிந்த பழுப்புச் சட்டையை நீட்டினார்கள். எனக்கு மனசே ஆகவில்லை. ஊரே பார்க்கப் போகிற படத்தில் கிழிசலோடா நிற்பது? பதினோரு வருஷம் நெஞ்சில் போட்ட ஆரஞ்சுச் சட்டை, வெள்ளிப் பட்டை வெயிலில் பளபளக்கும், அதை விட்டுவிட்டா?

"இதோட நடிச்சா இன்னும் உண்மையா இருக்கும் சார்" என்றேன். டைரக்டர் களைத்துப் போயிருந்தார். "ஏதோ பண்ணுங்க" என்றார்.

குரியன் சார் அதைப் பார்த்துவிட்டார். "வைத்தி, அபிநயம் ஒக்கே செய்தோ. பட்சே ஆ ஆரஞ்சு வெஸ்ட் ஊரி துரைராஜுக்குக் கொடு. மேல ஆபரேட்டர் உண்டு."

"கொடுத்துடறேன் சார்."

துரைராஜும் பின்னாலேயே வந்தான். "அண்ணே, சட்டயக் கழட்டிக் குடுங்கண்ணே. கொக்கில சரக்கு மாட்டிக் கெடக்கு."

"அஞ்சு நிமிஷம் பொறுடா. கலையில குறுக்க வராத."

கொடுக்கவில்லை. அவனும் படப்பிடிப்பைப் பார்க்கிற ஆசையில் மறந்துவிட்டான்.

ஒத்திகையில் நான் பட்டுப்போன மரம் மாதிரி நின்றேன். வசனம் வந்தது, உயிர் வரவில்லை. டைரக்டர் ஓடிவந்து, "ஐயா, கைய ஏன் கட்டிப்போட்ட மாதிரி வச்சிருக்கீங்க? கை பேசணும்! நீங்க டீ கேக்கறப்பகூட கை ஆட்டித்தானே பேசினீங்க? அந்தக் கை வேணும் எனக்கு!" என்றார்.

அந்தக் கை வேணுமாம். கேட்டுவிட்டாரே!

அழுகைக்காகக் கிளிசரின் கொண்டுவந்தார்கள். மேக்கப்காரர் கண்ணுக்கடியில் இரண்டு சொட்டு வைத்தார். எனக்குப் போதவில்லை. "தாராளமா வைங்க தம்பி, நம்மகிட்டக் கஞ்சத்தனம் வேணாம்" என்று பாட்டிலை வாங்கி நானே வைத்துக்கொண்டேன். கண் இரண்டும் பற்றிக்கொண்டது. அதன் பிறகு எதிரே டைரக்டர் ஒரு நிழல், கார் ஒரு வெள்ளைத் திட்டு, கார் மேல் சாய்ந்து நின்ற வில்லன் நடிகர் ஒரு கறுப்புக் கோட்டு. அவ்வளவுதான் தெரிந்தது.

"கேமரா ஓட ஆரம்பிச்சா யாரும் மூச்சு விடக்கூடாது" என்று உதவி டைரக்டர் எல்லோரையும் அதட்டினார். அப்புறம், "ஆக்‌ஷன்!"

அந்த நிமிஷம் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. முதல் மகள் பிறந்தபோது நான் ஜுபைலில் இருந்தேன், இரண்டாவது மகள் பிறந்தபோது ஷார்ஜாவில். அதெல்லாம் கைக்கு இறங்கியது.

"கடவுளே!" என்று கத்தினேன். என் ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து எழுந்து, தானாக வட்டம் போட்டது. "மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

(இருந்தார். நூர்கான்.)

"இதோ நிக்கிறான் பாரு, எங்குடும்பத்தக் கெடுத்த பாவி!" கை முழுசாக நீண்டு காரைக் காட்டியது.

எங்கோ 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாகக் காதில் இருக்கும் சத்தம். நான் மூச்சு விடுவதை நான் கவனிப்பேனா? அதையும் கவனிக்கவில்லை.

"வா! கிட்ட வா!" என்று கடவுளைக் கையசைத்துக் கூப்பிட்டேன். இது வசனத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. மூன்று தரம் கூப்பிட்டேன்.

எதிரே வில்லன் நடிகரின் குரல், "ஐயோ... ஐயோ..." என்றது. அடடா, என் நடிப்பு இவரையே கலக்குகிறதே என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. துரைராஜ் என்னைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டுவது மங்கலாகத் தெரிந்தது. கேமரா ஓடும்போது பேசக்கூடாது என்பதால் பாவம், வாய் திறக்காமல் ஆட்டினான். அவன் மேலே பார்த்தும் ஆட்டினான். நில் என்பதற்கு அதுதான் சைகை. ஆனால் அவன் உடம்பில் ஆரஞ்சுச் சட்டை இல்லையே! நூர்கான் கண்டுகொள்ளவில்லை. நானோ, துரைராஜ் உணர்ச்சிவசப்பட்டுக் கையைத் தட்டப் போகிறான் என்று எடுத்துக்கொண்டேன். உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"இவன் தலையில உன் தீர்ப்ப இறக்கு!" விரல் கீழே திரும்பி வட்டம் போட்டது. "இறக்கு! இறக்கு சாமி! இறக்கு!"

நூர்கான் இறக்கினார்.

ஒரு விஷயத்தை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஆபரேட்டரை நீங்கள் பார்க்க முடியாது. டக்கென்று போடவில்லை. பிறந்த குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி இறக்கினார். முதலில் வில்லன் நடிகர் கோட்டோடு ஓடி மணல் குவியலில் விழுந்த சத்தம். அப்புறம் 'க்ர்ர்ர்ரக்' என்று தகரம் மெல்ல மெல்ல உள்வாங்கும் சத்தம். அப்புறம் அமைதி.

மேல்சட்டையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அர்பாபின் வெள்ளைக் கார் மேல், அணுவளவும் சாயாமல், நடு மத்தியில் நீலக் கக்கூஸ் நின்றது. அதன் கதவு மெதுவாகத் திறந்தது. உள்ளேயிருந்து நீல மருந்துத் தண்ணீர் (மருந்துத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம்) முன் கண்ணாடி வழியாக இறங்க ஆரம்பித்தது. காரின் வைப்பர் எப்படியோ ஓட ஆரம்பித்து, அதை இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து இரண்டு சின்ன ஹாரன். வேலை சரியா என்று நூர்கான் கேட்கிற வழக்கம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு வருஷப் பழக்கம், கை சொன்னபடி கேட்குமா? கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பது தெரிந்த பிறகுதான் எல்லோருக்கும் குரல் வந்தது. "எந்தா... எந்தா வைத்தி இது?" என்று குரியன் சார் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் வந்தாலும் அது கக்கூஸாகத்தான் இருந்தது.

நூர்கானை இறங்கி வரச் சொன்னார்கள். இருபத்திநாலு மாடி இறங்கி வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"வைத்தி பாய், பில்குல் செண்டர் மே ஹை நா?" என்றார். சரியாக நடுவில்தானே இருக்கிறது என்று கேட்கிறார் மனுஷன்!

"கார் மேல இறக்கறோமேன்னு உங்களுக்குத் தோணலையா பாய்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"தோணிச்சு. ஷூட்டிங்னா இப்படித்தான் காரை உடைப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார் அவர் பாஷையில். "உன் கைல கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லையே!"

மதியத் தொழுகை முடித்து அர்பாப் வந்தார். வெள்ளை அங்கி, கையில் மணிமாலை. காரைப் பார்த்தார். கக்கூஸின் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார், உள்ளே யாராவது விளக்கம் சொல்ல இருக்கிறார்களோ என்பது மாதிரி. பிறகு குரியன் சாரிடம், யார் செய்தது என்று ஒரே கேள்வி.

குரியன் சார் என்னைப் பார்த்தார், நூர்கானைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெஷாவர்க்காரர் பெஷாவர் போவார், வைத்திலிங்கம் வெள்ளை ஹெல்மெட் போடுவான். அந்த ஹெல்மெட் என் தலையில் உட்காருவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்லலாம்.

என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு நல்ல ரிகர், அவ்வளவுதான். சட்டை போட்டிருப்பவன் கைதான் பொறுப்பு.

"என் கை" என்றேன். சந்தேகம் வரக்கூடாது என்று கையையும் தூக்கிக் காட்டினேன்.

நாற்பது பேரும் சடாரென்று இரண்டடி பின்னால் போனார்கள்.

"வைத்தி," என்றார் குரியன் சார், அழுவது போல், "நீ ஆ கை ஒந்நு தாழ்த்து. பிளீஸ்."

கலாஸ், வேலை முடிந்தது. பத்து நாளில் டிக்கெட் கையில் கொடுத்தார்கள். அர்பாப் போலீசுக்கு எல்லாம் போகவில்லை, நல்ல மனுஷன் என்று முன்னமே சொன்னேனே. நூர்கான் ரோலா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறும் வரை கூடவே நின்றார். பஸ் கிளம்பியதும் கீழேயிருந்து விரலை மெதுவாக வட்டம் போட்டுக் காட்டினார். தூக்கு, மெதுவாக.

வீட்டில், "நீண்ட லீவு" என்று சொன்னேன். பதினோரு வருஷம் போனில் நடித்தவனுக்கு நேரில் நடிப்பு எடுபடவில்லை. மலர்க்கொடி பெட்டியைத் திறந்து, கேம்ப்பில் போர்த்திய கம்பளியெல்லாம் மடித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரேயடியா வந்துட்டீங்க, அப்படித்தானே?" என்றாள். "ஆமா" என்றேன். "சரி, சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. ஆனால் ஏன் வந்தேன் என்று மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அது டிவியிலேயே வந்துவிட்டது. ஊரே எங்கள் வீட்டில். நான் அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். டைரக்டர் வெட்டுவாரா? கேமராவை நிறுத்தவே இல்லையாம் அந்த ஆள். நான் அழுகிறேன், கடவுளைக் கூப்பிடுகிறேன், வானத்திலிருந்து நீலமாக ஒன்று வந்து வில்லன் கார் மேல் உட்காருகிறது, வில்லன் அலறி ஓடுகிறான். பின்னால் உடுக்கைச் சத்தம் வேறு. கீழத்தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மலர்க்கொடி மட்டும் என்னையே பார்த்தாள். "என்னங்க, அது கக்கூஸுதானே?"

"தந்திரக் காட்சிடி. கம்ப்யூட்டர்ல பண்றது."

"அப்ப ஏன் உங்களுக்கு இப்புடி வேர்க்குது?"

உண்மை வெளியே வந்தது. அன்று அவள் சிரித்த சிரிப்பில் கைப்பிள்ளைகள் எல்லாம் பயந்து அழுதன.

அடுத்த வாரமே டைரக்டர் கூப்பிட்டார். "ஐயா, உங்க அழுகையப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. ஒரு மாமனார் வேஷம் இருக்கு, வாங்க. ஒரே கண்டிஷன். கைய மட்டும் பின்னாடி கட்டிக்கங்க." அப்படிக் கட்டிய கைதான். இன்று காமெடி நிகழ்ச்சிகளில் என்னைப் போல் செய்து காட்டும் பையன்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாகத் தலையை மட்டும் திருப்புகிறார்கள். அது என் 'ஸ்டைல்' என்கிறார்கள். பத்திரிகையில் "அடக்கி வாசிக்கும் நடிப்பு" என்று எழுதினார்கள். அடக்கி வாசிக்கவில்லை ஐயா, பயம்.

வீட்டில் மட்டும் என் மரியாதை ஷார்ஜாவிலேயே நின்றுவிட்டது. நான் பேசும்போது கை கொஞ்சம் உயர்ந்தால் போதும், மூத்த மருமகன் எழுந்து போய்த் தன் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வருவார். பேத்திகள், "தாத்தா, இறக்கு சாமி!" என்பார்கள். போன மாதம் சின்ன மகள் கல்யாணம். மண்டபத்தில் ஆயிரம் பேர், பாதிப் பேர் என்னைப் பார்க்க வந்தவர்கள் (எண்ணிப் பார்த்தேன்). மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழுந்தார்கள். ஆசீர்வாதம் பண்ண வலது கையைத் தூக்கினேன்.

என் குடும்பம் மொத்தமும், மலர்க்கொடியிலிருந்து கைக்குழந்தை வரை, அண்ணாந்து மேலே பார்த்தது.

நானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.